லாரியில் வந்த வீடுகளும் அம்மாவும்

இங்கே வீடு லாரியில் வருகிறது. நம்பாதவர்கள் நம்பாமல் போங்கள். நான் தினமும் சமையலறை ஜன்னலில் நின்று பார்க்கிறேன். குளியலறைக் குழாய், அடுப்பு மேடை, சுவரின் வண்ணம் எல்லாவற்றையும் தொழிற்சாலையிலேயே முடித்து, பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். கனடாவில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டும் அப்படி வந்ததுதான். எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டைவிட ஒரு பாய் விரிக்கும் இடம் கூடுதல், அவ்வளவே.

அப்பா போனபின் அந்த லைன் வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பிடிவாதம். "இருந்து பாக்கறேன். புடிக்கலன்னா அனுப்பிடணும்" என்று சொல்லித்தான் விமானம் ஏறினாள்.

ஒரு மத்தியானம் பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பெட்டி சற்றுப் பலமாக இறங்கியது. எங்கள் தரை அதிர்ந்து, அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஊரில் சுரங்கம் ஓடிய காலத்தில் நிலம் அதிர்ந்தால், கீழே பாறை வெடித்திருக்கிறது என்று அர்த்தம். பெண்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு சுரங்க வாயிலான ஷாஃப்ட் கேட்டுக்கு ஓடுவார்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வந்து கடைசி ஆள் இறங்கும்வரை ஒருத்தியும் வீடு திரும்ப மாட்டாள். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருடமாகிவிட்டது. அம்மாவின் கால்களுக்கு அது எங்கே தெரிகிறது?

தேடி இறங்கினால், அந்தப் பக்கத்துக் கட்டட வாசலில் குளிரில் நின்றிருந்தாள். சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்த காவலாளி, மன்னிப்புக் கேட்டுக் காதடைப்பான் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"இன்னாடி இது, மாத்திரையா? அத்த வுடு. உள்ள கீறவங்க அல்லாரும் நல்லா கீறாங்களான்னு கேளு."

கேட்டேன். அவர் ஒரு கணம் அம்மாவையே பார்த்தார். பிறகு, எல்லோரும் நலம் என்றார். அம்மா அசையவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. ஷிஃப்ட் முடிந்து தொழிலாளர்கள் வெளியே வந்தபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத்தான் நடந்தாள்.

"எனக்கு டிக்கெட் போட்ருடி."

"ஏம்மா, இங்க இன்னா கொற?"

"தரை அப்டி ஆடுச்சி. ஒரு கதவாவது தொறந்துச்சா? நாளைக்கி உனக்கு ஒன்னுன்னா யாருடி வருவாங்க?"

அழுதுகொண்டேதான் டிக்கெட் போட்டேன்.

நேற்று அங்கிருந்து அழைத்தாள். மூடிக்கிடக்கும் சுரங்கத்தில் இன்னும் பாறை வெடிக்கிறது போல, ஊரில் லேசாக நிலம் அதிர்ந்ததாம். லைனே தெருவில் நிற்கிறதாம். "அல்லாரும் நல்லா கீறோம், பயப்படாத" என்றாள். அவளுக்குப் பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. போனைக் காதில் வைத்தபடி என் கதவைத் திறந்து வெளியே வந்து நின்றேன். நடைபாதையின் இரண்டு பக்கமும் கதவுகள் மூடியே இருந்தன.