பின்தளத்துக்கு ஒரு திரை

மூன்றாவது படகிலும் வெர்லீன் அதையேதான் செய்தாள். ட்ரெய்லர் சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறினாள். ஓட்டுநர் இருக்கையைத் தாண்டினாள். மோட்டாரை ஒட்டிய பின்தளத்தில் போய் நின்று, கையில் தூண்டில் கோல் இல்லாமலே ஒருமுறை வீசிப் பார்த்தாள். அந்த வீச்சும் தோளுக்கு மேலே போகவில்லை. இடுப்புயரத்தில், பக்கவாட்டில், நெரிசலில் குடையை மடக்குகிறவள் மாதிரி.

கடைக்காரர் ஹார்லன் கீழே நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக கண்டர்ஸ்வில் ஏரிக்கரையில் பாஸ் என்ற ஏரிமீன் பிடிக்கும் படகு விற்கிறவர். வாங்க வருகிறவர்கள் நேராக முன்தளத்துக்கு ஏறிக் கப்பல் தலைவன் மாதிரி நிற்பதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

“அவ பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவ,” என்றான் கூட வந்த ராய்ஸ். “பின்னாடி எத்தனை தலை இருக்குன்னு எண்ணாம வண்டிய எடுக்க மாட்டா.”

ராய்ஸ் டிட்மோர் குழாய் வேலைக்காரன். வெர்லீனோடு எட்டாம் வகுப்புவரை ஒரே பெஞ்சு வரிசையில் படித்தவன். இன்று அவளுக்குப் படகு தேர்ந்தெடுக்க உதவுவதாகச் சொல்லி, காலையிலேயே அவிச்ச கடலைப் பொட்டலத்தோடு வந்துவிட்டான். பத்தொன்பது வருடமாக அவன் படகின் பின்தளத்தில் நின்று மீன் பிடிப்பவள் அவள்.

அந்த ஏரிப்பக்கத்து மீன்பிடி சங்கத்தில் பெயர்ப்பட்டியலுக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் படகுக்காரர்கள், வலப்பக்கம் பின்தளத்துக்காரர்கள். படகுக்காரர் முன்னால் நின்று முனையிலுள்ள சின்ன மின்மோட்டாரின் மிதியைக் காலால் அழுத்திப் படகைத் திருப்புவார். தண்ணீருக்குள் எந்தக் கட்டை, எந்தப் புல்லிடுக்கு என்று முடிவு செய்வதும் அவர்தான், அதில் முதலில் தூண்டில் போடுவதும் அவர்தான். அவர் சீவி எடுத்த தண்ணீர் நகர்ந்து பின்னால் வரும்போது மற்றவர் போடலாம். பந்திக்கு முந்தியவனுக்கு வடை, பிந்தியவனுக்கு வாழையிலை. பிந்தியே பழகிய வெர்லீன், அந்த இலையிலும் எதையாவது துழாவி எடுப்பாள். அதனால் சங்கத்தில் அவளுக்கு நல்ல பெயர். ‘நல்ல பின்தளத்துக்காரி’ என்று. அந்தப் பெயர் கொஞ்ச நாளாக அவளுக்குத் தொண்டையில் முள்ளாக நின்றது.

வியாழக்கிழமை சங்கக் கூட்டம். இந்தப் பருவத்துப் போட்டிகளுக்கான பட்டியலில் அன்றைக்குப் பெயர் எழுத வேண்டும். எழுதிவிட்டால் அக்டோபர்வரை பக்கம் மாற முடியாது. அம்மா வழியில் வந்த ஆற்றோர நிலம் விற்ற பணம் இந்த ஒரு தடவைக்குத்தான் அவளிடம் இருக்கிறது. கூரைக்கா படகுக்கா என்று குளிர்காலம் முழுக்க யோசித்து, கூரைக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு படகு என்று முடிவு செய்திருந்தாள். தப்பான படகை வாங்கிவிட்டால் மறுபடியும் வலப்பக்கம்தான், அநேகமாக ஆயுசுக்கும்.

ராய்ஸின் விரல் போன இடமெல்லாம் பெரிசாகவே இருந்தது. இருபத்தொரு அடிப் படகு, வெயிலில் கண் கூசும் சிவப்பு மினுக்குப் பூச்சு, ஏரியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மூச்சு விடுவதற்குள் போகும் மோட்டார். முன்தளத்தில் ஆழமும் மீனும் காட்டும், தட்டு அகலத் திரைகள் இரண்டு. அதுபோக, மீன் நீந்துவதையே நேரில் காட்டும் புது சோனார்க் கருவி. இது எதுவும் இல்லாமல் இந்தக் காலத்தில் முன்னால் நிற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு பந்து பிடிக்கிற கதை என்றான். வெர்லீன் கேட்டுக்கொண்டாள். அவன் சொல்வதையெல்லாம் சேர்த்தால் அவளால் எதையுமே வாங்க முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவனுக்கும் அது தெரியுமோ என்று ஒரு யோசனை ஓடியது. ஓடட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஹார்லன் ஓரமாக நின்ற பழைய படகைக் காட்டினார். பத்தொன்பது அடி, சாம்பல் நிறம், நூற்றைம்பது குதிரைசக்தி. பழைய சொந்தக்காரர் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் விற்றது. பின்தளம் அகலமாக இருந்தது. வெர்லீனுக்கு அது பிடித்துப்போனதே அந்தப் பின்தளத்தால்தான்.

தண்ணீரில் ஓட்டிப் பார்க்குமுன் தூண்டில் கோல் ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார் ஹார்லன். சுவரில் வரிசையாகச் சாய்ந்திருந்தவற்றில் அவள் கை தானாக ஒன்றை எடுத்தது. ஆறரை அடி.

“ஏழு, ஏழேகாலுக்குக் குறைஞ்சு இங்க யாரும் எடுக்க மாட்டாங்களே. நீளமா இருந்தாத்தான் தூரம் போகும், புல்லுக்குள்ளேருந்து மீனை இழுக்கவும் பலம் கிடைக்கும். ஏன் குட்டை?” என்றார் அவர்.

வெர்லீன் தன் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். நீளக் கோல் ராய்ஸின் தொப்பியில் படும். முதல் வருடமே ஒரு தடவை பட்டது. அன்றிலிருந்து ஆறரை அடிதான். கோலை அவள் தேர்ந்தெடுத்தாள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அதைத் தேர்ந்தெடுத்ததே அந்தத் தொப்பிதான். குட்டைக் கோலைத் திரும்ப வைத்துவிட்டு ஏழேகால் அடிக் கோலை எடுத்தாள். கையில் அது யாரோ வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டதுபோல் கூச்சமாக இருந்தது.

படகை இறக்கும் சரிவில் எப்போதும் நாலு பேர் காபிக் கோப்பையோடு நிற்பார்கள். ட்ரெய்லரைப் பின்னோக்கி இறக்கத் திணறுகிறவர்களைப் பார்ப்பதுதான் அவர்களுக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கு. நாற்பதடி பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிறவள் ஒரே மூச்சில் இறக்கினாள். அவர்கள் ஏமாற்றத்தோடு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

ஆனால் முன்தளம் அவளை அப்படி விடவில்லை. புல்வரிசை ஓரம் போய் மிதியில் கால் வைத்ததும் படகு ஒரு வட்டம் அடித்தது. அடுத்து எதிர்ப்பக்கமாக ஒரு வட்டம். காலைப் பார்த்தால் புல் தப்பியது, புல்லைப் பார்த்தால் கால் தப்பியது. ஹார்லன் நடு இருக்கையில் உட்கார்ந்து கரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ராய்ஸ் எழுந்துவிட்டான். “நகரு வெர்லீன். நான் பிடிச்சுக் காட்டுறேன்.”

அவள் உடம்பு நகரத்தான் செய்தது. ஒரு அடி பின்னால் போயும்விட்டாள். பத்தொன்பது வருடப் பழக்கம் முதுகெலும்பில் இருந்தது. ஆனால் அதற்கு மேல் போகாமல் அங்கேயே நின்றாள்.

“வேணாம், ராய்ஸ். நீ பின்னாடி போய் நில்லு,” என்றாள்.

அவன் ஹார்லனைப் பார்த்தான். ஹார்லன் இன்னும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ராய்ஸ் தன் கோலை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனான்.

அரை மணி நேரத்தில் கால் கொஞ்சம் பழகியது. படகோடு வந்த பழைய திரையில் புள்ளி புள்ளியாக மீன்கள் தெரிந்தன. அவள் போட்டதற்கு ஒன்றும் வரவில்லை. புல் நுனியில், யாரும் தொடாத தண்ணீரில், முதல் வீச்சு அவளுடையது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்றவர்கள் போடுகிற மாதிரி சரசரவென்று போட்டு இழுத்துக்கொண்டே போனாள். அப்போது ஒரு பயம் வந்தது: மிச்சத்தில் தேடத்தான் எனக்குத் தெரியுமோ?

பின்னாலிருந்து ‘விஷ்’ என்று ஒரு சத்தம். அவள் தொப்பி தலையிலிருந்து எழும்பித் தண்ணீரில் போய் விழுந்தது. ராய்ஸின் நீளக் கோல்.

“உன் தொப்பிக்கு அங்க என்ன வேலை?” என்றான் அவன். சொன்ன கையோடு அவனே சிரிக்க முயன்றான், முடியவில்லை. “புல்லை ஒட்டியே போறியே வெர்லீன். எனக்குப் போட ஒண்ணுமில்ல. எங்க போட்டாலும் நீ போட்ட இடம். இங்க எவ்வளவு ஆழம்னாவது சொல்லு. இங்கேருந்து ஒரு எழவும் தெரியல.”

“ஏழடி.”

தொப்பி மெதுவாகப் படகோரம் வந்தது. அவன் குனிந்து எடுத்துப் பிழிந்தான்.

“நீ எப்பவாச்சும் என்கிட்ட ஆழம் கேட்டிருக்கியா?”

“முதல் வருஷம் கேட்டேன்.”

“நான் என்ன சொன்னேன்?”

“மீன் இருக்கிற ஆழம்னு சொன்ன.”

ஹார்லன் அப்போதுதான் கரையிலிருந்து கண்ணை எடுத்தார். எடுத்துக் கடலைப் பொட்டலத்துக்குள் விட்டார்.

அந்த முதல் வருடப் பதிலுக்குப் பிறகு, ஆழத்தை யாரிடமும் கேட்காமலே அறிய அவள் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டிருந்தாள். தூண்டிலில் மாட்டிய ரப்பர் புழுவைப் போட்டுவிட்டு அது மூழ்கும்போது மனசுக்குள் எண்ணுவாள். எட்டு எண்ணுவதற்குள் தரை தட்டினால் ஒரு ஆழம், பன்னிரண்டு என்றால் வேறு. அந்த எண்ணிக்கையில்தான் இத்தனை வருடமும் மீன் பிடித்தது. இப்போது திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். மிதியிலிருந்து காலையும் எடுத்தாள். படகு தானாக நின்றது. புல்லின் ஓரத்தில் ஒருமுறை போட்டு, இழுக்காமல், எண்ணினாள். ஒன்பதில் நூல் பக்கவாட்டில் நடந்தது. மீன் கடித்துவிட்டது; இழுத்தாள்.

நாலு பவுண்டு இருக்கும். ராய்ஸ் வலையோடு முன்னால் ஓடி வந்து, வழியில் ஹார்லனின் காலை மிதித்து, மீனை அள்ளினான். இத்தனை காலம் அவன் மீன்களுக்கு வலை பிடித்தவள் அவள். அந்த வேலையும் சுலபமில்லை என்று அவனுக்கு அன்று தெரிந்திருக்கும். முதல் அள்ளலில் வலை மீனைத் தவறவிடத்தான் செய்தது.

கரைக்கு வந்ததும் ஹார்லனிடம் அவள் தேவையைச் சொன்னாள். சாம்பல் படகு. நேரில் காட்டும் சோனார் வேண்டாம். முன்னால் பெரிய திரையும் வேண்டாம், நடுத்தரம் போதும். மிச்சமாகிற பணத்தில் இன்னொரு திரை, பின்தளத்தில், நிற்கிறவர் குனியாமல் பார்க்கிற உயரத்தில்.

ஹார்லன் எழுதுவதை நிறுத்தினார். பின்தளத்தில் திரை வைத்துக் கேட்டவர்கள் இதுவரை யாருமில்லை என்றார். கம்பி இழுக்க ஒரு நாள் கூடுதலாகும். அதுவுமில்லாமல், விற்கும்போது துளை போட்ட தளம் என்று விலை குறைப்பார்கள்.

“விக்கிறதுக்கு வாங்கல.”

“அங்க யாரு நிப்பான்னுகூடத் தெரியாதே. புதுப் படகுக்காரங்களுக்குச் சீட்டுப் போட்டுத்தான் யாரையாவது ஏத்தி விடுவாங்க,” என்றான் ராய்ஸ். “ஏரியில இருக்கிற உன் ரகசியமெல்லாம் அவன் பாத்துட்டுப் போவான்.”

“பாக்கட்டும். ஆழம் என் ரகசியமா என்ன?”

வியாழக்கிழமை கூட்டத்தில் பட்டியல் ராய்ஸ் கையில்தான் இருந்தது. சங்கச் செயலாளர் அவன். வெர்லீன் பேனாவை வாங்கி மளமளவென்று எழுதினாள். எழுதி முடித்த பிறகுதான் பார்த்தாள், வலப்பக்கம். பழைய வரியில், பழைய இடத்தில், அவள் பெயர்.

ராய்ஸும் பார்த்துவிட்டான். கிண்டல் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் பைக்குள் கைவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தான். “புதுசா எழுதிக்கலாம். எல்லாரையும் மறுபடி எழுதச் சொல்றேன்.”

“எதுக்கு?” என்றபடி அவள் தன் பெயரின் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தாள். இடப்பக்கத்தில் கடைசியாக இருந்த இடத்தில் மறுபடி எழுதினாள். படகின் நீளம், மோட்டார், திரை என்று கேட்டிருந்த கட்டங்களையும் நிரப்பினாள். திரை என்ற கட்டத்தில் ‘இரண்டு’ என்று எழுதினாள்.

ராய்ஸ் தாளைக் கண்ணுக்கருகே கொண்டுபோய்ப் படித்தான். வலப்பக்கத்தில் அடித்த வரிக்குப் பக்கத்தில் யாரும் இன்னும் எழுதவில்லை.

“பின்னாடி நிக்கிறவனுக்கு ஏழடின்னு சத்தமா சொல்ல இனி ஆள் வேண்டாம், என்ன?” என்றான்.

“வேண்டாம்,” என்றாள் வெர்லீன். “ஆனா பின்னாடி நிக்க வர்றவனத் தொப்பியக் கழட்டிட்டு வரச் சொல்லு. என் கோல் நீளம்.”