தோகாவில் இருபத்து மூன்று மணி நேரம்

சென்னையில் பனிமூட்டம் விலக நான்கு மணி நேரம் ஆனது. அதனால் ரூபி தோகாவில் இறங்கியபோது, அவளை சாவோ பாவ்லோவுக்கு ஏற்றிப் போக வேண்டிய விமானம் கிளம்பிப் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அடுத்த விமானம் மறுநாள் காலை எட்டு மணிக்கு.

கவுன்டரில் இருந்த பெண் சாப்பாட்டுக் கூப்பன்கள் மூன்றைக் கொடுத்தாள். வெளியே போய் ஹோட்டலில் தங்கிக்கொள்ளலாம் என்றாள். வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களோ மாட்டார்களோ என்று ரூபிக்குப் பயம். இங்கேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கைப்பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலி தேடி நடந்தாள்.

அந்தப் பையில் ஒரு கால் இருந்தது. முழங்காலுக்குக் கீழே மாட்டும் செயற்கைக்கால். அதைப் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தாள். மதுரையிலும் சென்னையிலும் பையைத் திறக்கச் சொன்னார்கள். மதுரையில் சோதனைக்கு நின்ற பெண் துண்டை விலக்கியதும் பின்வாங்கி, "யாரோடதும்மா இது?" என்று கேட்டாள். "நான் செஞ்சது" என்றாள் ரூபி. அந்தப் பெண் துண்டைத் திரும்பச் சுற்றி வைத்தாள்.

ரூபிக்கு நாற்பத்து நான்கு வயது. திண்டுக்கல்லில் ஒரு அறக்கட்டளை நடத்தும் செயற்கைக்கால் மையத்தில் பத்தொன்பது வருடமாக வேலை. வெட்டுப்பட்ட காலுக்கு அளவெடுத்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, தேய்த்துச் சரிசெய்து, மாட்டி நடக்க வைப்பது வரை அவள் பொறுப்பு. கல்யாணம் ஆகவில்லை. மேட்டுப்பட்டியில் மாடி வீட்டில் அம்மாவோடு இருந்தாள். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. தம்பி அமலன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

வழக்கமாகக் கொடுக்கும் செயற்கைப் பாதத்தில் ஒரு குறை உண்டு. கணுக்கால் மடங்காது. நடக்கலாம், நிற்கலாம், குத்தவைத்து உட்கார முடியாது. களை எடுக்கிறவர்களுக்கு அந்தக் காலால் என்ன பிரயோசனம் என்று ரூபி பல வருடம் யோசித்து, கணுக்காலில் மடங்கும் ரப்பர் மூட்டு ஒன்றை உருவாக்கினாள். மையத்தின் தலைவர் டாக்டர் ஞானராஜுக்கு அது பிடித்துப்போனது. பதினோரு பேருக்குச் செய்து மாட்டினார்கள். பதினோரு பேரும் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு ஆய்வுச் சுருக்கம் எழுதி, பிரேசிலில் சாவோ பாவ்லோவில் நடக்கும் செயற்கை உறுப்பு மாநாட்டுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து வரச்சொல்லி அழைப்பு வந்தது. புதன்கிழமை காலை, பத்து நிமிடம் பேச வேண்டும்.

தோகாவில் அது திங்கட்கிழமை முற்பகல். பெரிய கண்ணாடிக் கூடத்தில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருந்தார்கள். ரூபி ஒரு கூப்பனைக் கொடுத்து ரொட்டியும் ஏதோ பருப்பு மசியலும் வாங்கிச் சாப்பிட்டாள். பக்கத்து மேசையில் திடீரென்று தமிழ் கேட்டது. நாலைந்து ஆண்கள், ராமநாதபுரத்துப் பக்கம் போலப் பேச்சு. வேலைக்குப் போகிறவர்களாக இருக்கும். எழுந்து போய் "ஊரு எது தம்பி?" என்று கேட்கலாமா என்று அவள் நினைத்து, தட்டை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர்கள் பைகளை மாட்டிக்கொண்டு வரிசைக்குப் போய்விட்டார்கள்.

அமலன் அனுப்பிய ஒரு செய்தி செல்போனில் இருந்தது. 'ரீச் ஆயிட்டியா?' 'பிளைட் மிஸ். நாளைக்குத்தான்' என்று பதில் போட்டாள். உயர்த்திய கட்டை விரல் படம் மட்டும் திரும்பி வந்தது.

யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தது. தம்பி ரோமிங்கில் நூறு நிமிடம் போட்டுக் கொடுத்திருந்தான். பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். காரணமில்லாமல் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவரும் அந்தப் பட்டியலில் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காரணத்தோடு கூப்பிடக்கூடியவர்கள் இருந்தார்கள். சேவுகம்பட்டி ஒச்சம்மாளைக் கூப்பிட்டாள்.

ஒச்சம்மாள் வெங்காயத் தோட்டங்களில் களை எடுக்கிறவள். சர்க்கரை நோயில் வலது கால் போனது. புதுப் பாதத்தை முதலில் மாட்டியது அவளுக்குத்தான். மாநாட்டில் காட்டப்போகும் படத்தில், வெங்காயப் பாத்தியில் குத்தவைத்துச் சிரிப்பதும் அவள்தான்.

"ஒச்சம்மாக்கா, நான் ரூபி பேசுறேன். சாப்டீங்களா?"

"ஆத்தி, நீயா! சாப்டாச்சு தாயி. நீ வெளிநாடு போறேன்னு சொன்னியே, போய்ச் சேந்துட்டியா?"

"இல்லக்கா, பாதி வழியில நிக்கிறேன். அடுத்த பிளைட்டு நாளைக்குத்தான்."

"தனியாவா கெடக்க?"

"ம்."

"அடப் பாவமே. பஸ்சு மாதிரி அடுத்தது செத்த நேரத்துல வராதா?"

ரூபி சிரித்துவிட்டாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான். பேச்சை வளர்க்க வேண்டுமே என்று, "கால் எப்படிக்கா இருக்கு? போட்டுத்தான வேலை செய்யிறீங்க?" என்று கேட்டாள்.

ஒச்சம்மாள் வைத்துவிட்டாளோ என்று செல்போனைப் பார்த்தாள்.

"அக்கா?"

"தாயி, நீ அம்புட்டுத் தூரத்துல தனியா நின்னுக்கிட்டு என் காலப் பத்திக் கேக்குற. ஒங்கிட்டப் பொய் சொல்ல வாய் வரல." ஒச்சம்மாளின் குரல் தாழ்ந்தது. "அத நான் தோட்டத்துக்குப் போடுறதே இல்ல. சேறு உள்ள போயி மடங்கமாட்டேங்குது. முன்னால சாய்ச்சு விட்டுருது. ரெண்டு தடவ பாத்தியிலயே விழுந்துட்டேன். வரப்புல கழட்டி வச்சிட்டு உக்காந்துக்கிட்டே நகந்து நகந்து புடுங்குறேன். ஒங்க ஆஸ்பத்திரிக்கு வாரப்ப மட்டும் தொடச்சு மாட்டிக்கிட்டு வருவேன்."

"ஏங்க்கா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ அம்புட்டு ஆசையா செஞ்சு குடுத்த."

பேசி முடித்த பிறகு ரூபி செல்போனை மடியில் வைத்தாள். பத்தொன்பது வருட வேலையில் ஒரே ஒரு பொருளைத்தான் அவள் தானே யோசித்துச் செய்திருந்தாள். எதிரே ஒரு குழந்தை தரையில் உருண்டு அழுதது. அதன் அம்மா தூக்கிப்போன பிறகு, பையிலிருந்து நோட்டை எடுத்து பதினோரு பெயரையும் எழுதினாள். பிறகு மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பயன்படுத்துகிறீர்களா என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் என்ன பதில் வரும் என்று இப்போது தெரியும். "இன்னைக்குக் காலையில எந்திரிச்சதுல இருந்து என்னென்ன வேலை செஞ்சீங்க, கால் எங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

தாடிக்கொம்பில் வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும் மொக்கைச்சாமி, "வீட்ல ஆணியில தொங்குது மேடம்" என்றார். "ஈரம் பட்டா ரப்பரு ஊறிப் போவுது. காய ரெண்டு நாளாவுது. பழைய கட்டக்காலே தேவலை. கோவிச்சுக்காதீங்க."

பேகம்பூரில் தையல் வேலை செய்யும் ஷப்னம் வேறு மாதிரி சொன்னாள். "அக்கா, காலையில எந்திரிச்சா மாட்டுறதுதான், படுக்கப் போறப்பதான் கழட்டுறேன். இப்பத்தான் தரையில உக்காந்து தொழுவ முடியுது. இதுக்கு முன்னாடி நாற்காலியில உக்காந்துல்ல தொழுதுக்கிட்டு இருந்தேன்."

ஸ்டீபன்ராஜ் என்ற விவசாயியின் எண்ணுக்குக் கூப்பிட்டபோது அவர் மகள் எடுத்தாள். "அப்பா போன புரட்டாசியில தவறிட்டாங்க மேடம். ஒங்களுக்குச் சொல்லணும்னு தோணல, மன்னிச்சிருங்க. காட்டுக்கு அதைப் போடமாட்டாங்க. கோயிலுக்கு, பூசைக்குப் போறப்ப மட்டும் போடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பெட்டியில வைக்கிறப்ப அதை மாட்டித்தான் வச்சோம். அதோட பாத்தாத்தான் அப்பா முழுசா இருந்தாங்க. திருப்பிக் குடுக்கணுமா மேடம்?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, வேண்டாம்" என்றாள் ரூபி.

கடைசி எண்ணைக் கூப்பிட்டு முடித்தபோது ஊரில் பொழுது சாய்ந்திருக்கும். நான்கு பேர் தினமும் மாட்டுகிறார்கள். ஆறு பேர் மாட்டுவதில்லை. ஒருவர் இறந்துவிட்டார். மாட்டும் நான்கு பேரும் கூரைக்குக் கீழே வேலை செய்பவர்கள். வயலுக்காக அவள் செய்த கால், வயலைத் தவிர மற்ற இடங்களில் உழைத்துக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்த நிமிடங்களில் டாக்டர் ஞானராஜைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"இப்பப் போயி எதுக்கு ரூபி இதை நோண்டுற? சுருக்கத்துல என்ன இருக்கோ அதைப் பேசிட்டு வா. ஊருக்கு வந்து சரிபண்ணிக்குவோம்."

"தெரிஞ்சதுக்கு அப்புறம் எப்படி சார் பதினொண்ணுன்னு சொல்றது?"

"அங்க யாரு சேவுகம்பட்டிக்கு வந்து எண்ணப் போறா?"

அவள் பதில் சொல்லும் முன் நிமிடங்கள் தீர்ந்து இணைப்பு போய்விட்டது. அதன் பிறகு மறுநாள் காலை வரை அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாவோ பாவ்லோவுக்குப் பதினைந்து மணி நேரம். நடு இருக்கை. ஒரு பக்கத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்ட வாலிபன், மறுபக்கத்தில் போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு தூங்கும் பெரியவர். ரூபி மடிக்கணினியைத் திறந்து, ஒச்சம்மாள் சிரிக்கும் படத்தை நீக்கினாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பச் சேர்த்து, கீழே ஒரு வரி எழுதினாள்: 'இந்தப் படம் எடுத்த அன்று மட்டும்.' எழுதியதை யாரிடமாவது காட்டிச் சரிதானா என்று கேட்க வேண்டும் போலிருந்தது. முன் இருக்கையில் பதித்த திரையில், கடலுக்கு மேல் ஒரு சின்ன விமானப் படம் நகராததுபோல நகர்ந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை அவள் பேசிய அரங்கில் முந்நூறு பேர் உட்காரலாம். இருபது பேர் இருந்தார்கள். கைத்தறிச் சேலையில், கையில் செயற்கைக்காலோடு மேடை ஏறினாள். தன் எளிய ஆங்கிலத்தில், "அச்சிட்ட சுருக்கத்தில் பதினொன்று என்று இருக்கிறது. அது தவறு. நான்கு" என்று தொடங்கினாள். தலைமை வகித்தவர் கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவள் தோகாவில் கேட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சேறு, ஈரம், முன்னால் சாய்ப்பது, ஆணியில் தொங்குவது. பத்து நிமிடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. இரண்டொருவர் கை தட்டினார்கள்.

இறங்கி வந்தபோது ஒரு மனிதர் கடைசி வரிசையிலிருந்து லேசாகச் சாய்ந்து நடந்து வந்தார். பெரு நாட்டுக்காரர், பெயர் எலியாஸ். கால்சட்டையைத் தூக்கிக் காட்டினார். அவருடைய இடது கால் செயற்கைக்கால். மலையில் உருளைக்கிழங்கு விவசாயிகளுக்குக் கால் செய்து கொடுக்கிறார். "எங்களிடமும் ஆணியில்தான் தொங்குகின்றன. ஆனால் அதை நாங்கள் எங்கேயும் எழுதியதில்லை" என்றார். தரையில் உட்கார்ந்து, அவள் கொண்டுவந்த காலின் மூட்டைக் கழற்றி, மதியம்வரை இருவரும் பார்த்தார்கள். மூட்டின் பின்பக்கம் நீர் வடிய வழியில்லாததை அவர் காட்டினார். முன்னால் சாய்வதற்குக் காரணம் அவருக்கும் தெரியவில்லை. பிறகு அவருடைய கூட்டத்தார் வந்து அழைக்க, கை குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மாநாட்டின் மிச்ச நாட்களில் ரூபி அவரைத் தூரத்தில் இரண்டு முறை பார்த்தாள்.

திரும்பும் பயணமும் அதே நீளம்தான். மதுரையில் இறங்கி, ஆரப்பாளையம் போய், திண்டுக்கல் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

டாக்டர் ஞானராஜ் அவளைத் திட்டவில்லை. "நம்மள நாமளே இப்படிக் காட்டிக் குடுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அடுத்து இருபது பேருக்குச் செய்வதாக இருந்த திட்டத்தை நிறுத்தினார். ஒரு மாதம் அவளோடு வேலையைத் தவிர வேறு பேச்சில்லை. மையத்தில் மற்றவர்களும் டீ குடிக்கப் போகும்போது அவளைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள்.

அவள் செவ்வாய்க்கிழமைகளில் விடுப்புப் போட்டு சேவுகம்பட்டிக்குப் போகத் தொடங்கினாள். வெங்காயத் தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து, ஒச்சம்மாள் எப்படி நகர்கிறாள், எந்தப் பக்கம் எடையைச் சாய்க்கிறாள், எப்போது கையை ஊன்றுகிறாள் என்று நோட்டில் படம் போட்டாள். இரண்டாவது வாரம் ஒச்சம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"இப்படி என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு வேல ஓடாது தாயி. எறங்கு. நீயும் ரெண்டு களையப் புடுங்கு."

ரூபி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினாள். அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. குத்தவைத்துக் களை எடுக்கும்போது உடம்பின் பாரம் குதிகாலில் இல்லை, பெருவிரல் பக்கம் நிற்கிறது, கால் முன்னால் சாய்ப்பது அதனால்தான் என்பது அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது.

புதிதாகச் செய்த மூட்டு ஒன்பது நாள் தாங்கியது. அடுத்தது மூன்று வாரம். இன்னும் சரியாக வரவில்லை. எலியாஸ் மாதத்துக்கு ஒருமுறை படங்கள் அனுப்புகிறார். பாதி ஸ்பானிய மொழியில் எழுதுவதை அவள் செல்போனில் மொழிபெயர்த்துப் படிக்கிறாள். மேட்டுப்பட்டி வீட்டில் மற்ற நாட்களெல்லாம் பழையபடிதான் போகின்றன. வேலை முடிந்து வருகிறாள், ஒரு ஆளுக்குச் சோறு வைக்கிறாள், ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள்.