எண்பது பல்பும் மூணாவது புகாரும்

வயரிங் வேலையில கரண்டு எப்பவாச்சும்தான் அடிக்கும், கஸ்டமர் தெனமும் அடிப்பாங்க. டெஸ்ட் பேனா பிடிச்ச கை எல்லாத்துக்கும் இது தெரியும், நான் ஒண்ணும் புதுசா சொல்லல. எண்பதுகள்ல மலேசியாவுல, ஈப்போவுல எலக்ட்ரிக்கல் படிச்சேன். வகுப்புல நான் ஒருத்திதான் பொம்பளப் பிள்ளை. பரீட்சைக்கு உக்காரணும்னா மூணு மாசம் ஒரு கடையில வேலை செஞ்சு, மொதலாளிகிட்ட பிராக்டிக்கல் புத்தகத்துல கையெழுத்து வாங்கணும். என்னைச் சேத்துக்கிட்டவரு மணியம் அண்ணே. மொத நாளே சொல்லிட்டாரு: "ஒன் வாயப் பத்தி வாத்தியார் சொன்னாரு பிள்ளே. மூணு புகார் வந்துச்சுன்னா கையெழுத்து கிடையாது."

பாய் கடை பாய்லர்

மார்க்கெட் பக்கத்துல ஒரு பாய் சாப்பாட்டுக் கடை. தண்ணி பாய்லர் சூடே ஏற மாட்டேங்குதாம், நொர பொங்க ஆத்திக் குடுக்குற தே தாரிக் டீக்கு ஆளுங்க வரிசையில நிக்குதாம். மீட்டர் வச்சேன். 240 வோல்ட், 5 ஆம்பியர். வகுத்தா 48 ஓம்ஸ், பெருக்குனா 1200 வாட்ஸ். "பாய், இது ஒங்களுக்குப் பத்தாது. உள்ள இருக்குற சூட்டுச் சுருளக் கழட்டிட்டு 24 ஓம்ஸ் காயில் போட்டா 10 ஆம்பியர் எடுக்கும், 2400 வாட்ஸ், ரெண்டு பங்கு சூடு"ன்னேன். மனுசன் ரெண்டு காயிலையும் கையில வாங்கி மாத்தி மாத்திப் பாத்தாரு. ஓம்ஸ் கொறஞ்சா கரண்டு கூடும்னு நாலு தரம் சொல்லிட்டேன். அஞ்சாவது தரம், "ரொட்டி நான் போட்டா நீங்க தின்பீங்களா? அப்ப கணக்க என்கிட்ட விடுங்க"ன்னு வந்துருச்சு.

காயில மாட்டுனேன், பத்து நிமிசத்துல தண்ணி குதிச்சிச்சு. அந்தத் தண்ணியிலயே ஒரு தே போட்டுக் குடிச்சுக்கிட்டே, என் கண்ணு முன்னால எங்க கடைக்குப் போன் போட்டாரு: "மணியம், நாப்பத்தெட்டக் கழட்டிட்டு இருவத்துநாலப் போட்டுட்டு ரெண்டு பங்குன்னு சொல்லுது இந்தப் பிள்ளை, ஆள ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

லகாட் அக்காவும் கட்டக் கம்பியும்

அடுத்தது லகாட்டுல ஒரு வீடு. அந்த அக்கா பல்ப் மாட்டுற எடத்துலேருந்து வயர் இழுத்து இஸ்திரிப்பெட்டி போடுறாங்க. ஹோல்டர் கருகிப்போயி நாறுது. ஃப்யூஸத் தொறந்தா உள்ள ஆணி மொத்தத்துக்கு ஒரு செம்புக் கம்பி! முன்ன வந்த வயர்மேன் பாத்த வேலை. ஃப்யூஸ்னா வயர் எரியறதுக்கு முந்தி அது எரியணும்லா. இந்தக் கம்பி இருந்தா வீடு எரிஞ்சப்புறமும் அது பளபளன்னு நிக்கும்.

அதப் பிடுங்கிட்டு 5 ஆம்பியர் கம்பி போட்டேன். இஸ்திரிப்பெட்டி 1000 வாட்ஸ், 240ஆல வகுத்தா நாலுக்கு மேல. டிவி, லைட்டு எல்லாம் சேந்து இன்னொரு ரெண்டு. "ஆறு ஆம்பியர்க்கா, தாங்காது. இஸ்திரிக்குத் தனியா வயர் இழுப்போம்"னு சொல்லி வாய மூடல, அந்தக்கா சுவிட்சப் போட்டாங்க, பட்டுன்னு போச்சு. நான் சொன்னது கண்ணு முன்னால நடந்துருக்கு, கைதட்ட வேணாமா? இடுப்புல கைய வச்சாங்க: "அவன் போட்டது ரெண்டு வருசமா ஒரு நாளும் போகல, நீ போட்டது ரெண்டு நிமிசம் நிக்கல, இதுல யாருடி வேலை தெரிஞ்சவ?"

கோயில் பல்பு

ரெண்டு புகார் ஆச்சு. மூணாவது வேலை ஆயர் தாவார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழா. வீட்டுக்கு ஒரு பல்ப் உபயம். பால் வெள்ளையா 100 வாட் பல்ப், அது மேல செவப்பு பெயிண்ட்ல குடும்பத்துப் பேரு. மொத்தம் எண்பது. 8000 வாட்ஸ், 240ஆல வகுத்தா 33 ஆம்பியர். தோட்டத்து ஆபிஸ் கோயிலுக்குக் குடுத்த லைனு 15 ஆம்பியர். பந்தல் பூரா காஞ்ச ஓலை, அடியில பிள்ளைங்க ஓடிப்பிடிச்சு வெளயாடுது.

"பாதிய எறக்குங்க"ன்னேன். கோயில் தலைவர் மொறைச்சாரு. "யாரு பேர எறக்குறது? நீயே போயி அந்த வீட்டுல சொல்றியா? பேசாம கட்டையா ஒரு கம்பியப் போட்டு வுடு."

"போடுறேன். பந்தல் பத்திக்கிட்டா எண்பது பேரும் சேந்து எரியும், யாரும் விட்டுப்போகாது."

"ஒன் மொதலாளி நம்பரச் சொல்லு!"

சொல்லல. நம்பரச் சொன்னா என் பரீட்சை போச்சு, கம்பியப் போட்டா பிள்ளைங்க போச்சு. பல்லக் கடிச்சுக்கிட்டு மண்ணுல குந்தி கணக்குப் போட்டேன். ஒரு பல்ப் 576 ஓம்ஸ். ரெண்ட ஒண்ணு பின்னால ஒண்ணா கோத்தா 1152, ஜோடிக்கு 0.2 ஆம்பியர், நாப்பது ஜோடிக்கு எட்டுச் சொச்சம். மத்தியானம் பூரா ஏணியில ஏறி எறங்கி எல்லாத்தையும் ஜோடி சேத்தேன். ஒண்ணு போனா கூட இருக்குறதும் அணைஞ்சுரும்னு தெரிஞ்சதும் தலைவர் ஏணியப் பிடிச்சுக்கிட்டு, "அண்ணன் தம்பி ரெண்டு பேரையும் ஒண்ணா மாட்டாத பிள்ளே, அவங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்ல"ன்னு கத்துறாரு.

பொழுது சாயுற நேரம் சுவிட்சப் போட்டேன். மீட்டர்ல பதினொண்ணு. முழுச் சூடு ஏறாத பல்புக்கு ஓம்ஸ் கொறச்சல், அதான் கூடிருச்சு. இருந்தும் 15க்குள்ள. ஆனா வெளிச்சம்? காப் பங்குகூட இருக்காது. எண்பது பல்பும் பழுத்த பப்பாளி மாதிரி தொங்குது. சரி, மூணாவது புகார் வந்துருச்சுன்னு டூல் பேக்க மூடுனேன்.

ஒருத்தரும் திட்டல. எல்லாரும் பல்புக்குக் கீழ நின்னு அண்ணாந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாங்க. போன வருசம் வரைக்கும் கண்ணு கூசி ஒரு எழுத்தும் தெரியாதாம். தலைவர் தன் பல்ப ரெண்டு தரம் சுத்தி வந்துட்டு மறுபடி நம்பரக் கேட்டாரு, இந்தத் தடவ சொல்லிட்டேன், எங்க கடைக்குப் போன் அடிச்சாரு. பந்தல் பொழச்சதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, பிள்ளைங்களப் பத்தி இல்ல, நான் போட்ட கணக்கப் பத்தி சுத்தமா இல்ல. அவரு சொன்னத மணியம் அண்ணே அப்படியே என் புத்தகத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டாரு: "வெளிச்சம் கம்மி, வாயி அதிகம், பேரு நல்லாத் தெரியுது, அடுத்த வருசமும் இந்தப் பிள்ளையவே அனுப்புங்க."

மூணு மாசத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: நம்ம ஆளுங்களுக்கு 33 ஆம்பியர்னா பயம் இல்ல, பேரு விட்டுப்போகும்னாத்தான் ஷாக் அடிக்குது.