இருபத்திரண்டாம் வாசல்

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுக்கும் அந்தக் கூடத்தில், பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே வழங்கியது. மற்றபடி அனைவருக்கும் அவர் ‘ஆதாரம்’. பதினோர் ஆண்டுகளுக்கு முன் நாற்பது லென்ஸ்கள் தவறான பவரில் போனதற்கு அவர்மீது பழி விழுந்தது. குறிப்பைத் தவறாக எழுதித் தந்தவர் வேறொருவர். அதை மெய்ப்பிக்க வேண்டிய காகிதமோ குப்பைக்குப் போய்விட்டது. அன்றுமுதல் அவர் ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிந்ததில்லை. எல்லாம் தேதிவாரியாகத் துளையிடப்பட்டுக் கோப்பேறின.

“கல்யாணப் பத்திரிகையிலயே ரெண்டு பிரதி வெச்சிருக்காரு. நாளைக்கு நான் இல்லன்னு சாதிச்சிடுவேனாம்!” என்பது அவர் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லும் புகார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், கடைகள் அனுப்பும் பவர் குறிப்புகள் ஒரு மெய்நிகர் கணினிக்கு மாறின. மேசைமேல் வைத்துத் தூசி தட்டக்கூடிய கணினி அல்ல அது. எங்கோ ஒரு பெரிய கணினிக்குள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் கணினி. கூடத்திலிருந்து இணையத்தின் வழியே உள்நுழைந்துதான் குறிப்புகளை எடுக்க வேண்டும். ஊழியர்கள் அதற்கு ‘மேல இருக்கிறவன்’ என்று பெயரிட்டார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, தேய்ப்புச் சக்கரத்தில் நின்றிருந்த ஆதாரம் முன்வந்தார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. திரையில் வந்த பிழைச்செய்தி ஒவ்வொன்றையும் நகலெடுத்து, அகராதி பார்த்து, அடியில் விளக்கம் எழுதியே கற்றார். அந்தக் குறிப்பேட்டில், யாரை உள்ளே விடுவது என்று பார்த்துத் தடுக்கும் ஃபயர்வால் ‘காவல்காரன்’. இணைப்பு நுழையும் எண்ணிட்ட போர்ட் ‘வாசல்’. தொலைவிலிருந்து உள்நுழைய இருபத்திரண்டாம் வாசல். அதைத் திறப்பது எப்படி, மூடுவது எப்படி என்று பக்கம் ஒன்பதில் படிப்படியாக எழுதியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு பத்துக்கு மேலே இருக்கிறவன் பேசாமல் போனான்.

“என்ன ஆதாரம், நாம கும்பிட்டது போதும்னு கதவடைச்சிட்டானா?” என்று மேலாளர் வந்து நின்றார். சிரிப்பு உதட்டளவில்தான் இருந்தது. “நாலு மணிக்கு முதலாளியம்மா வர்றாங்க. அதுக்குள்ள சரியாகலைன்னா மெஷினை என் மச்சினன் கம்பெனிகிட்ட ஒப்படைச்சிடலாம்னு சொல்லிடப்போறேன். நீங்க பழையபடி சக்கரத்துக்குப் போயிடலாம். கை மறந்திருக்காதே?”

“கையும் மறக்கல சார், நானும் எதையும் மறக்கல.”

மச்சினன் தொலைபேசியிலேயே வைத்தியம் சொல்லிவிட்டார்: “அதை அழிச்சிட்டுப் புதுசா ஒண்ணு போட்டுடலாம் மாமா, அரை நாள் வேலை!” அந்த அரை நாளில் நான்கு ஆண்டுக் குறிப்புகளும் சேர்ந்தே அழியும் என்பதை அவர் சொல்லவில்லை.

ஆதாரம் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால் சாவி தவறு. ‘மறுக்கப்பட்டது’ என்று வந்தால் வீட்டில் ஆள் இருக்கிறது, அந்த வாசலில் யாரும் இல்லை. இப்போது வந்ததோ ‘நேரம் கடந்தது’. அதாவது இங்கிருந்து போன அழைப்பு கிணற்றில் போட்ட கல். முதலில் தன் பக்கத்தைச் சந்தேகித்தார்: கூடத்து இணையத்தை விட்டுக் கைபேசி இணையத்தில் முயன்றார்; அதே பதில். முகவரியைச் சரிபார்த்தார், மாறவில்லை. அந்த மெய்நிகர் கணினியை வாடகைக்குத் தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தார். கணினி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அங்கேயே இருந்த அவசரத் திரை வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். உள்நுழைவுச் சேவை ஒரு குறையுமின்றி, வருவார் யாருமின்றிக் காத்திருந்தது. ஆக, உள்ளே நோய் இல்லை, வெளியே நோய் இல்லை. இடையில் நிற்கும் காவல்காரனைத்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரித்தார். வாசல் 22: மூடப்பட்டது. மாற்றப்பட்ட நேரம்: நேற்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. மாற்றியவர் என்ற இடத்தில் அவருடைய பெயரே இருந்தது.

தோளுக்குப் பின்னாலிருந்து மேலாளர் வாசித்தார். “அட, வேலியே பயிரை மேஞ்சிருக்கா!”

ஆதாரம் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினார். நேற்றைய தேதியிட்ட பல் மருத்துவமனைச் சீட்டு. உள்ளே சென்றது ஐந்து நாற்பது. வெளியே வந்தது ஆறு இருபத்தைந்து.

“அப்ப உங்க நாற்காலில உட்கார்ந்திருந்தது யாரு?”

அடுத்த மேசையில் ஆர்டர் அக்கா எழுந்து நின்றாள். கடைகளோடு பேசி ஆர்டர் குறிப்பவள். ஆதாரம் இல்லாத நேரத்தில் அவர் கணினியில், அவர் பெயரிலேயே வேலை பார்ப்பவள்.

“நான்தாண்ணே. ஆனா நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?”

“நான் எப்பம்மா சொன்னேன்?”

“எழுதி ஒட்டியிருக்கீங்களே!”

அவள் விரல் காட்டிய இடத்தில், திரையின் ஓரத்தில், அவருடைய முத்து முத்தான கையெழுத்தில் ஒரு சீட்டு இருந்தது: ‘கடைசியாகப் போகிறவர் வாசலை மூடிவிட்டுப் போகவும்.’

தெருத்தூசி வந்து லென்ஸில் கீறல் விழுகிறது என்று தெருவாசலுக்காக முந்தின நாள் காலை எழுதியது அது. வாசற்கதவில் எண்ணெய்ப் பெயிண்ட் அடித்திருந்ததால் பசை பிடிக்கவில்லை. யார் போனாலும் இந்த மேசையைத் தாண்டித்தானே போக வேண்டும் என்று இங்கே ஒட்டினார். அக்காவோ அவருடைய குறிப்பேட்டை வரிவிடாமல் படித்தவள்.

“பக்கம் ஒன்பது பார்த்துத்தாண்ணே மூடினேன். ஒரு படி கூட விடல. தெருவாசலையும் பூட்டிட்டுத்தான் போனேன்.”

ஆதாரம் அந்தச் சீட்டைத் திரையிலிருந்து உரித்தெடுத்தார். பிறகு கூடத்து முகவரிக்கு மட்டும் அனுமதி என்று விதியைத் திருத்தினார். பத்து நாற்பத்தேழுக்கு இணைப்பு கிடைத்தது. சக்கரங்கள் சுழலத் தொடங்கின.

“உங்ககிட்டதான் பல் டாக்டர் சீட்டு இருக்கே,” என்று மேலாளர் தாழ்ந்த குரலில் சொன்னார். “அந்தம்மா பேரைப் போட்டு ரெண்டு வரி எழுதுங்க. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போயிடும்.”

“யாரோட தலைப்பாகை சார்?” என்று கேட்டுவிட்டு, ஆதாரம் அறிக்கை எழுத அமர்ந்தார். பழி சுமந்தவருக்கு அதன் எடை தெரியும்.

நான்கு மணிக்கு முதலாளியம்மா அதை நின்றபடியே படித்தார். காரணம் என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள்: ‘ஒரே சொல்லை இரு பொருளில் எழுதி, தவறான இடத்தில் ஒட்டியது என் பிழை. ஒரே பெயரில் இருவர் வேலை பார்க்கும்படி விட்டதும் என் பிழை.’ இணைப்பாக, திரையோரத்தில் ஒட்டியிருந்த அந்தச் சீட்டு.

மச்சினனைத் தொலைபேசியில் கேட்ட நேரமும் அறிக்கையில் இருந்தது; முதலாளியம்மா மேலாளரிடம் திரும்பினார். “உங்க மச்சினன் என்ன செய்யணும்னாரு?”

“அழிச்சிட்டுப் புதுசா போடணும்னாரும்மா.”

“சீட்டைக் கிழிச்சிருந்தாலே போதும்போலயே!” முதலாளியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சிரித்தார். “மெஷின் இவர்கிட்டயே இருக்கட்டும். அந்தப் பொண்ணுக்குத் தனியா ஒரு பேரு குடுங்க. இனிமே அவங்கவங்க செஞ்சது அவங்கவங்க பேர்ல.”

மறுநாள் காலை அக்காவுக்குத் தனிக் கணக்கு உருவானது. அவள் கடவுச்சொல்லைத் தட்டி முடிக்கும்வரை ஆதாரம் சுவரைப் பார்த்து நின்றார்.

“உள்ள போயிட்டேண்ணே!”

“என்ன தெரியுது?”

“பதினாலு ஆர்டர். ஒருத்தருக்கு ரெண்டு கண்ணுலயும் வேற வேற பவர். கண்ணாடி உடைஞ்சிடுச்சாம், அவசரம்னு போட்டிருக்கு.”

“அப்ப அதை முதல்ல சக்கரத்துக்கு அனுப்பும்மா.”