சொல்லிக்கொள்ளாத ஞாயிறுகள்

கேம்ப்பின் கடைசி நாளில் மற்ற பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, வெனிலாவுக்குக் கொட்டாவிதான் வந்தது. எட்டு மாதமாகத் திண்டிவனத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் இருபத்திரண்டு பேரோடு தங்கி ஜெர்மன் படித்தவள். விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டால் ராத்திரி பத்துவரை பாடம். போனைக் காலையிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வெளியே இருந்தவர்கள் 'வெளிநாட்டுப் படிப்பு கேம்ப்' என்று பெருமையாகச் சொன்னார்கள். உள்ளே இருந்து பார்த்தால்தான் அந்தப் பெருமையின் லட்சணம் தெரியும்.

அதற்கு முன்னால் ஆறு வருஷம் விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நர்சிங் படிக்க ஆசைப்பட்டவளைப் பெற்றவர்கள் கல்யாணம் பண்ணிக்கொடுத்து முடித்தார்கள். ஜெர்மனியில் மூன்று வருஷம் நர்சிங் சொல்லிக்கொடுப்பார்கள், படிக்கும்போதே சம்பளமும் உண்டு என்று தெரிந்ததும், புருஷன் ஸ்டீபன்ராஜ் மறுபேச்சில்லாமல் சரி என்றான். நாலு வயது மகள் பிரின்சியைக் கிளியனூரில் இருந்த அவன் அக்கா அருள்ராணி வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே விடுவார்கள். பிள்ளையோடு கோயிலுக்குப் போய்ப் பூசை கண்டு, கறிக்குழம்பு சாப்பிட்டு, நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். கிளம்பும் விதம் நம் வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். பிள்ளை அழும் என்று, அதற்குத் தெரியாமல் நழுவுவது. அருள்ராணி பிரின்சியைப் பின்பக்கம் ஆட்டுக்குட்டி காட்டக் கூட்டிப் போவாள். வெனிலா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு தெருப்பக்கமாக வெளியேறித் தெருமுனையில் பஸ் ஏறுவாள். இப்படியே முப்பது ஞாயிறுக்கு மேல் ஆயிற்று. பெற்ற பிள்ளையிடம் ஒரு தடவைகூட அவள் சொல்லிக்கொண்டு போனதில்லை.

கேம்ப்பில் மட்டும் சொல்லிக்கொள்ளாமல் போக முடியாது. ஆளுக்கு மூன்று நிமிஷம் ஜெர்மனில் பேசித்தான் விடைபெற வேண்டும் என்பது வாத்தியார் சித்தார்த்தனின் சட்டம். வெனிலா பிசிறில்லாமல் பேசினாள். வாத்தியாருக்கு நன்றி, பக்கத்துக் கட்டில்காரிக்கு நன்றி, தினமும் கேப்பைக் கூழ் ஊற்றிய சமையல்கார அம்மாவுக்கும் நன்றி.

"விடைபெறுறதுல நீங்கதாம்மா ஃபர்ஸ்ட்," என்றார் சித்தார்த்தன். எல்லாரும் கைதட்டினார்கள்.

வெனிலாவுக்குச் சுருக்கென்றது. யார் யாருக்கோ மூன்று நிமிஷம் பேசியாயிற்று. நாளை விடிகாலை சென்னையில் விமானம் ஏறினால் இரண்டு வருஷத்துக்குத் திரும்ப வர முடியாது. இன்றைக்கும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினால், தான் என்ன தாய் என்று நினைத்தாள். தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

பெட்டியோடு கீழே இறங்கினாள். ஸ்டீபன்ராஜ் வண்டியோடு காத்திருந்தான். வழியெல்லாம் அவன் முதுகில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிள்ளையிடம் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தாள். ஜெர்மனில் வந்து விழுந்த வார்த்தை தமிழில் வரவில்லை.

கிளியனூரில் அருள்ராணி எல்லா ஏற்பாட்டோடும் இருந்தாள். சாப்பாடு முடிந்ததும் வெனிலாவைச் சமையல்கட்டுக்கு இழுத்தாள்.

"நான் புள்ளய பின்னால கூட்டிக்கினு போறேன். நீ ஜல்தியா கெளம்பிடு. அழ ஆரம்பிச்சுட்டா பேஜாரு."

"வேணாம் அண்ணி. இன்னிக்கி சொல்லிட்டுத்தான் போவேன்."

"சொன்னா வுடுவாளா? கால கட்டிக்குவா."

"கட்டிக்கட்டும் அண்ணி. இன்னிக்கும் ஏமாத்திட்டுப் போவ என்னால முடியாது."

அருள்ராணி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

பிரின்சி கூடத்தில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். வெனிலா எதிரே உட்கார்ந்தாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது.

"கண்ணு, அம்மா தூர ஊருக்குப் படிக்கப் போறேன். அடுத்த ஞாயித்துக்கெழம வரமாட்டேன். ரொம்ப நாளு ஆவும்."

"ஏரோப்ளேன்லயா?"

"ஆமாம்மா. தெனமும் போன்ல பேசறேன்."

பிரின்சி தலையை ஆட்டினாள். அழவில்லை. வெனிலா அடக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"எப்பவும் சொல்லாம போயிட்டனே, அம்மாமேல கோவமா?"

"எனக்குத் தெரியுமே. ஆட்டுக்குட்டி பாக்கப் போனா நீ போயிடுவ."

"தெரிஞ்சுமா அத்தை கூட போன?"

"ஒரு வாட்டி வேலி சந்துல பாத்தேன். நீ பஸ்ஸாண்ட நின்னு அழுதுக்கினு இருந்த. அப்பறம் பாக்க மாட்டேன். நான் பாத்தா நீ அழுவ."

வெனிலா இத்தனை ஞாயிறும் தான்தான் பிள்ளையை அழவிடாமல் பார்த்துக்கொண்டதாக நினைத்திருந்தாள். மகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டாள். அத்தனை களைப்பிலும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

பிரின்சி அதைப் பார்த்தாள். பாவாடையில் ஒட்டியிருந்த தோலைத் தட்டிவிட்டு எழுந்தாள். சமையல்கட்டு வாசலில் நின்ற அருள்ராணியின் கையைப் பிடித்தாள்.

"வா அத்தை, ஆட்டுக்குட்டி பாக்கப் போலாம்," என்றாள்.