கொட்டாங்கச்சி முங்கும் வரை

என் தலைமாட்டுப் பெட்டியில் ஒரு கொட்டாங்கச்சி இருக்கிறது. தேய்ந்து தேய்ந்து கறுத்துப்போய், கையில் எடுத்தால் எண்ணெய் பூசியது மாதிரி வழுக்கும். அடியில் ஓர் ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தேன்மெழுகு. குருபோங்கில் மகள் வீட்டுக்கு வந்தபோது பாத்திரம் பண்டமெல்லாம் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். இதை மட்டும் சேலைக்குள் சுற்றி எடுத்துவந்தேன். "இதுல என்னம்மா இருக்கு, இதைப்போய்ச் சுமந்துகிட்டு வர்றே?" என்று மகள் கேட்டாள். உங்கப்பாதான் இருக்காரு என்று வாய்வரை வந்தது. எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

வெள்ளைக்காரன் காலத்தில், ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால், நாங்கள் காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்தோம். பலகை வீடு. என் வீட்டுக்காரர் ஜாலான் துக்காங் எமாஸில், தம் அண்ணன் வைத்திருந்த முடிவெட்டும் கடையில் வேலை பார்த்தார். தெருவின் ஒரு பக்கம் பிள்ளையார் கோயில், கொஞ்சம் தள்ளிப் பள்ளிவாசல். துணிக்கடை பாய்மார்களும் கோயிலுக்கு வருகிறவர்களும் போலீஸ்காரர்களும் அவர் கைக்காகவே காத்திருப்பார்கள். சவரக்கத்தியைத் தோல்வாரில் தீட்டிவிட்டு ஒருவருடைய தொண்டைக்குழியில் வைத்தால், அதை எடுக்கும் வரைக்கும் மூச்சே விடமாட்டாராம். கடையில் யார் என்ன சொன்னாலும் சிரிப்பாராம். அண்ணன் எல்லார் முன்னாலும் ஏசினாலும் பதில் பேசமாட்டாராம். "உன் வீட்டுக்காரன் தங்கம்" என்று அங்கே முடிவெட்டிக்கொண்டவர்கள் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

ஏனென்றால் கடையில் விடாத மூச்சையெல்லாம் அவர் வீட்டுக்கு வந்துதான் விட்டார். சைக்கிளைச் சுவரில் சாத்தும் சத்தத்திலேயே அன்றைய நாள் எப்படி என்று தெரிந்துவிடும். குழம்பில் உப்பு கூடினால் கிண்ணம் பறக்கும். உப்பு சரியாக இருந்தால், ஏன் ஆறிப்போச்சு என்று பறக்கும். அடித்தது இல்லை. ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே, பலகைச் சுவர் அதிரும். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. பின்கட்டில் தெம்பாயான் என்கிற பெரிய சீன மண்ஜாடியில் தண்ணீர் பிடித்து வைத்திருப்போம். சைக்கிள் சத்தம் கேட்டதும் பிள்ளை அந்த ஜாடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒருநாள் அவர் நல்ல மனத்தோடு வந்து, கையில் பலகாரப் பொட்டலத்தோடு, "எங்கடி எம்மவ?" என்று கேட்டார். பிள்ளை வரவில்லை. ஜாடிக்கு முன்னால் குனிந்து பொட்டலத்தை நீட்டினார். அது முகத்தை ஜாடியோடு ஒட்டி வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது. அவர் பொட்டலத்தைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். அந்த முதுகை நான் மறக்கவில்லை. கிண்ணம் பறந்த நாட்களைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அதற்குப் பிறகுதான் சாமியார் பேச்சு வந்தது. கடைக்குப் பக்கத்துத் தெருச் சீனக் கோயிலில் வந்து தங்கியிருந்த ஒரு சாமியார், தலையை மழிக்க அவரிடம் வந்திருக்கிறார். கத்தி படும்போது எல்லாருக்கும் தோள் கொஞ்சமாவது கூசும். அந்த மனிதருக்கு ஒரு ரோமம்கூட அசையவில்லையாம். இவர் மலாயில் கேட்டாராம், எப்படி என்று. அவரும் சந்தை மலாயில் சொல்லியிருக்கிறார்: "மூக்குதான் வாசல். நீ ஜாகா மாதிரி உட்காரு. உள்ளே போகிறவனை நிறுத்தாதே, வெளியே வருகிறவனை விரட்டாதே. போகிறான், வருகிறான் என்று பார், போதும். முதலில் கொஞ்ச நேரம். பிறகு இன்னும் கொஞ்சம்." ஜாகா என்றால் எங்கள் ஊரில் காவல்காரன். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் பின்கட்டில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்ததில் முதலில் சண்டைதான் மிச்சம். கண்ணை மூடியவர் உடனே திறந்து, "எம்மா நேரம் ஆச்சு?" என்பார். வீட்டில் கடிகாரம் கிடையாது. "தெரியலீங்க" என்பேன். "இதைக்கூடப் பார்த்துக்க மாட்டியா? மனுசன் நிம்மதியா மூச்சு விட வேணாமா?" என்று கத்துவார். ஊதுபத்தி கொளுத்தி வைத்தேன். எவ்வளவு எரிந்திருக்கிறது என்று ஒற்றைக் கண்ணைத் திறந்து திறந்து பார்த்தார். காக்கை கத்தினால் காக்கையைத் திட்டினார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் பக்கத்து வீட்டு மச்சிக். மச்சிக் என்றால் மலாயில் அத்தை. செட்டி வீட்டு அம்மாள் அவர். கம்போங் செட்டிக்காரர்கள் நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள். பேச்சு மட்டும் மலாய். காபாயாச் சட்டையும் சாரோங் கைலியும் கட்டிக்கொண்டு, நெற்றியில் திருநீற்றோடு வேலியோரம் வந்து நின்றவர் இந்தக் கொட்டாங்கச்சியை நீட்டினார். செத்துப்போன அவர் வீட்டுக்காரர் சேவற்சண்டைக்கு வைத்திருந்ததாம். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி, முங்கும்போது 'களுக்' என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் ஒரு ஆட்டம் முடிந்தது, சேவல்களைப் பிரித்துவிட வேண்டும். "சேவலே இதைக் கேட்டுச் சண்டையை நிறுத்தும், உன் புருஷன் நிறுத்தமாட்டானா?" என்று மலாயில் சொல்லி, வெற்றிலை வாயோடு சிரித்தார். போகும்போது என் கையைப் பிடித்து, "பெலான் பெலான், நாக்" என்றார். மெதுவா மெதுவா, பிள்ளே என்று அர்த்தம்.

பித்தளைத் தாம்பாளத்தில் நீர் ஊற்றி மிதக்கவிட்டேன். அவர் கண்ணை மூடினார். சேவல் ஆட்டம் சின்ன ஆட்டம். சீக்கிரமே களுக் என்றது. அது முங்கும் வரைக்கும் அவர் எழுந்திருக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய ஆச்சரியம். சில நாள் போனதும், "இது பத்தல. ஓட்டையைச் சுருக்கினா இன்னும் கொஞ்ச நேரம் மிதக்குமில்ல?" என்றார். தேன்மெழுகு வாங்கிவந்தார். அவரே அப்பிப் பார்த்தார். விரல் தடிமன், ஓட்டை முழுக்க அடைத்துக்கொண்டது. என்னிடம் கொடுத்துவிட்டு, "உன் கைதான் சன்னம். நீயே பார்த்து வை" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எதையும் என்னை நீயே பார்த்துச் செய் என்று அவர் சொன்னதில்லை. நான் மெழுகை உருட்டி, சூடு காட்டி, ஓட்டையின் விளிம்பில் தடவி, தையல் ஊசியால் நடுவில் வழி விட்டேன். அவர் முகத்தைப் பார்த்துத்தான் வைப்பேன். மூச்சு எட்டுக்கட்டையில் ஏறியிறங்கினால் அன்று மெழுகைத் தொடமாட்டேன். தோள் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் தானாக விட்டுப்போனால் மறுநாள் ஒரு பொட்டு கூட்டுவேன். ஒருமுறை கூட்டியது அதிகமாகிவிட்டது, கால் மரத்துப்போய் எழுந்தவர் நொண்டிக்கொண்டே வந்து, "என்னைக் கல்லாக்கப் பாக்குறியா?" என்றார். குரலில் கத்தல் இல்லை. அது கேலி என்று எனக்குப் புரிய அரை நாள் ஆயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அந்த மெழுகுதான் எங்கள் பேச்சு.

அதற்காக ஒரே நாளில் மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். கிண்ணம் பறப்பது குறைந்தது, நிற்கவில்லை. ஆனால் பறப்பதற்கு முன்னால் மூக்கு வழியாக ஒரு மூச்சு வர ஆரம்பித்தது. அந்த ஒரு மூச்சுக்குள் நான் கிண்ணத்தை நகர்த்திவிடுவேன். பிள்ளை மட்டும் ஜாடிக்குப் பின்னாலேயே இருந்தது. அவர் உட்காரும் இடமும் பின்கட்டுதான் என்பதால், ஜாடிக்குப் பின்னாலிருந்து அவரையும் தாம்பாளத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும். களுக் என்றதும் ஓடி என் சேலைக்குள் புகுந்துகொள்ளும்.

அப்படி இருக்கையில் ஒருநாள் சைக்கிளை அவர் சுவரில் மோதுகிற மாதிரி சாத்தினார். கடையில் அண்ணன் ஏதோ சொல்லியிருக்கிறார். முகம் சிவந்திருந்தது. கைகால் கழுவிக்கொண்டு பாயில் உட்கார்ந்தார். நான் கொட்டாங்கச்சியை மிதக்கவிட்டுவிட்டு அடுப்பங்கரைக்கு வந்தேன். களுக் என்று கேட்டால் சோறு போட வேண்டும். கேட்கவில்லை. ரசம் கொதித்தது, இறக்கினேன். அப்பளம் பொரித்தேன். மச்சிக் வீட்டுக் கோழிகள் கூட்டில் அடைந்துவிட்டன. வெளிச்சம் குறைந்து, விளக்கும் ஏற்றிவிட்டேன். சத்தம் வரவே இல்லை. மெழுகு இளகி அடைத்துக்கொண்டதோ என்று பின்கட்டுப் பக்கம் போனேன். எட்டிப் பார்த்தேன்.

அவர் கண்ணைத் திறந்திருந்தார். கொட்டாங்கச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டையில் ஒரு சோற்றுப் பருக்கை, விரலால் வைத்து அழுத்தியது, நன்றாக ஒட்டியிருந்தது.

"யாரு வேலை இது?"

நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஜாடிக்குப் பின்னாலிருந்து பாதி முகம் வெளியே வந்தது.

"அதுக்குப் பசிச்சுச்சு" என்றது பிள்ளை.

ஓட்டையை வாய் என்று நினைத்திருக்கிறது. தினமும் வாயைத் திறந்துகொண்டு தண்ணீரை மட்டும் குடிக்கிறதே, பாவம் என்று மத்தியானச் சோற்றில் ஊட்டிவிட்டிருக்கிறது.

அவர் மூச்சை உள்ளே இழுத்தார். அது எவ்வளவு தூரம் போயிற்றோ. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அது மெள்ள வெளியே வந்தது. கூடவே குரலும் வந்தது, மச்சிக் வீட்டுக்குக்கூடக் கேட்காத சின்னக் குரல்.

"என்ன குழம்பு ஊத்தி ஊட்டினே?"

"மோரு."

"வயிறு நெறஞ்சுச்சாமா?"

பிள்ளை யோசித்தது. "கேளு" என்றது.

அவர் கொட்டாங்கச்சியைக் காதில் வைத்துக் கேட்டார். "அதுக்கு நெறஞ்சுபோச்சாம். எனக்குத்தான் பசிக்குதாம்" என்றார்.

பிள்ளை ஜாடியை ஒரு கையால் பிடித்தபடியே ஓரடி வந்தது. பிறகு ஜாடியை விட்டது. அவர் முன்னால் போய் நின்று, ஓட்டையில் இருந்த அந்தப் பருக்கையை நகத்தால் நோண்டி எடுத்து, அவர் வாயில் வைத்தது. ஊறிப்போன பருக்கை, மெழுகும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். மென்று விழுங்கினார். நான் அடுப்பங்கரைக்குத் திரும்பிப்போய், ஏற்கெனவே இறக்கிவைத்த ரசத்தைச் சும்மா கிண்டிக்கொண்டு நின்றேன்.

மறுநாளிலிருந்து பிள்ளை பாயில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. சில நாளில் மடியில். நான் மெழுகைக் கூட்டிக்கொண்டே வந்தேன். அவர் நேரம் நீண்டுகொண்டே போயிற்று. களுக் என்று கேட்டாலும், பிள்ளை மடியில் தூங்கிவிட்டால் எழுந்திருக்கமாட்டார். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தபோதும், கிடைத்ததில் ஒரு துணுக்கு முதலில் கொட்டாங்கச்சி வாயில் வைக்கப்படும். பிறகு அவர் வாய்க்குப் போகும். அவர் போய் வெகுகாலம் ஆகிறது. போன அன்றுகூட அவர் மூச்சு அவசரப்படவில்லை.

போன வாரம் கொள்ளுப்பேரன் ஏதோ கேட்டுக் காலை உதைத்துக் கத்தினான். என் மகள் அவனைப் பிடித்து நிறுத்தி, "யாருடா நீ இப்படி? எங்கப்பாவுக்குக் கோபம்னா என்னன்னே தெரியாது. ஒருநாள்கூட அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்ல" என்றாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். அவள் உண்மையாகத்தான் சொல்கிறாள். ஜாடி அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்த மனிதர் அத்தனை சாயங்காலமும் உட்கார்ந்தது இந்த ஒரு வார்த்தைக்குத்தான் என்று எனக்குத் தோன்றியது. கேட்க அவர் இல்லை. நான் கேட்டேன்.

இப்போது எனக்கும் நெஞ்சு படபடக்கிறது. அவரைப்போல நானும் சாயங்காலம் கொஞ்ச நேரம் உட்காருகிறேன். நேற்று எடுத்துப் பார்த்தால் பழைய மெழுகு வெடித்து உதிர்ந்திருந்தது. எனக்கு ஊசிமுனை தெரியவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெழுகை உருட்டினாள்.

"எம்மா நேரத்துக்கு வைக்கணும்மா?"

"நீயே பார்த்து வை."

பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் பிடித்து அதில் விட்டாள். கொட்டாங்கச்சி ஒருதரம் ஆடி, நேராகி, மிதந்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

"அதிகமா வச்சுட்டேன் போல. இது முங்க ரொம்ப நேரமாகும்மா."

"ஆகட்டும்" என்றேன். "நீயும் உட்காரு."