படத்தில் இல்லாத பெயர்

லிண்டால்வா பந்தோஜா தன் ஐம்பத்தெட்டு வயதுக்குள் வெட்டிய மரங்கள் வீட்டு விட்டத்துக்கும் ஒரு படகுக்கும் மட்டும்தான். பிரேசில் நாட்டின் பாரா மாநிலத்து அமேசான் காட்டில் பிரேசில் கொட்டை பொறுக்கியே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள். அவள் தலையில்தான் இருநூறு ஹெக்டேர் காட்டை அழித்த பழியைக் கட்டினார்கள்.

சுற்றுச்சூழல் துறையின் கடிதம் டிசம்பரில் வந்தது. ஜூலையில் செயற்கைக்கோள் எடுத்த படத்தில், அவள் பெயரில் பதிவான நிலத்தில் காடு மொட்டையடிக்கப்பட்டிருக்கிறதாம். அதனால் நிலம் முழுவதற்கும் தடை. தடை விழுந்த நிலத்துக் கொட்டையைக் கூட்டுறவுச் சங்கம் தொடாது. ஜனவரியில் காய் விழத் தொடங்கிவிடும். வருடம் முழுக்க அடுப்பு எரிவது அந்தக் காயை நம்பித்தான்.

இருநூறு ஹெக்டேர் அவள் பெயருக்கு வந்த கதையை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் பொங்கியது. இரண்டு வருடம் முன்பு பக்கத்து மாட்டுப் பண்ணையின் மேஸ்திரி இளித்துக்கொண்டு வந்தான். நிலத்தை இலவசமாகப் பதிந்து தருகிறோம் என்றான். காபியும் மரவள்ளி அடையும் கொடுத்ததோடு, படிக்காமலே கையெழுத்தையும் கொடுத்தாள். கணினியில் யாரும் எந்த நிலத்துக்கும் எல்லைக் கோடு போடலாம், கேட்க நாதியில்லை. முதலாளி அழிக்கப்போகும் காட்டையும் அவள் பெயருக்குள் வளைத்துப் போட்டுவிட்டான் அந்தப் படுபாவி மேஸ்திரி.

முதலாளி ஒஸ்மாரை ஊரே ‘டாக்டர்’ என்கிறது. அந்த ஆள் மாட்டுக்குக்கூட ஊசி போட்டதில்லை. பயம் இருக்கிற இடத்தில் பட்டம் தானாக வாயில் வரும்.

படகிலும் பஸ்ஸிலும் ஒன்றரை நாள் பயணம் செய்து லிண்டால்வா அந்தத் துறையின் அலுவலகத்துக்குப் போனாள். படங்களைப் பார்க்கும் அதிகாரி வாக்னர், படம் பொய் சொல்லாது டோனா என்று, பெரிய பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடுதான் ஆரம்பித்தான். அப்படியானால் திரையை என் பக்கம் திருப்பு என்றாள்.

திரையில் ஒரே பச்சை. நடுவே மண் நிறத்தில் பெரிய சொட்டை. அதற்குள் நேராக ஒரு கோடு ஓடியது. அது என்ன என்று கேட்டாள்.

“ரோடு. டிராக்டர் போற ரோடு.”

“எங்கேருந்து வருது?”

வாக்னரின் விரல் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய், பண்ணையின் வாசலில் நின்றது.

தன் வீட்டைக் காட்டச் சொன்னாள். எவ்வளவு பெரிதாக்கியும் மரத்தலைகள்தான் தெரிந்தன. அவள் தினமும் நடக்கும் பாதை அந்த மரங்களுக்கு அடியில் கிடந்தது.

“எனக்கு இருக்கறது ஒத்தையடிப் பாதை மகனே. டிராக்டரை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டா போனேன்?”

வரிசையில் நின்ற யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

வாக்னர் குரலைத் தாழ்த்தினான். அழித்தது யாரென்று பெயர் சொல்லி எழுதிக் கொடுத்தால், விசாரணை முடியும்வரை தடையை நிறுத்தியே ஆகவேண்டும், அதுதான் விதி என்றான்.

“ஆனா யாரும் பேர் எழுதினதில்ல டோனா. போன வருஷம் ஒருத்தர் எழுதறேன்னு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டைத் தாண்டல, சுட்டுட்டாங்க.”

அவளுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் பெரிதாக இருந்தது. திரையில் இருந்த கோட்டைக் காட்டினாள்.

“அவ்வளவு உசரத்துலேருந்து அது ரோட்டைப் பாத்துருச்சு. பக்கத்துல இருக்கற நமக்கு அவன் வாசல் தெரியல. வெட்டினவன் பேர் இதுல எங்கயுமே இல்ல, வெட்டாத என் பேர்தான் இருக்கு. இந்தப் படத்தை எடு காகிதத்துல.”

அச்செடுத்த படத்தில், அந்தக் கோட்டின் மேலேயே, கோணல் எழுத்தில் பெரிதாக எழுதினாள்: ஒஸ்மார். டாக்டர் என்று போடவில்லை. புகார்த் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விரல் வைத்துப் படித்தாள். அதற்கு அரைமணி நேரம் ஆனது. பிறகு கையெழுத்துப் போட்டு, பேனாவை வாக்னரிடம் நீட்டினாள்.

“வாங்கிக்கிட்டேன்னு நீ போடு.”

வாக்னர் ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தான். பிறகு போட்டான்.